கட்டில் கத்துகிறது: எல்லா போல்ட்டையும் முறுக்கியாயிற்று, இன்னும் நிற்கவில்லை

அரைத்தூக்கம்
ஞாயிறு, இரவு 11.48

வணக்கம். எங்கள் மரக்கட்டில் ஒரு மாதமாகக் கத்துகிறது. புரண்டால் ஒரு கிறீச். எழுந்து உட்கார்ந்தால் இரண்டு. பக்கத்தில் கைக்குழந்தை தூங்குகிறது. அதனால் நானும் மனைவியும் படுத்த இடத்தை விட்டு அசையாமல் விடியும்வரை கிடக்கிறோம்.

விவரம்: இருவர் படுக்கும் கட்டில், கெட்டி மரம், வாங்கி 6 வருடம். தலைமாட்டுப் பலகை, கால்மாட்டுப் பலகை, இரண்டையும் இணைக்கும் பக்கச் சட்டங்கள். நடுவே தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஒரு விட்டம். நான்கு மூலைக்கு நான்கு கால், விட்டத்துக்கு நடுவில் குட்டையாக ஒன்று. மேலே 13 குறுக்குப் பலகைகள், அதன்மேல் மெத்தை.

மூன்று வாரத்துக்கு முன் ஆலன் கீயை (போல்ட் முறுக்கும் அறுகோணச் சாவி) எடுத்து, கண்ணுக்குத் தெரிந்த போல்ட், ஸ்க்ரூ எல்லாவற்றையும் முறுக்கினேன். ஒன்பது நாள் சத்தமே இல்லை. பத்தாம் நாள் பழைய பாட்டு ஆரம்பம். மறுபடி முறுக்கினேன், இந்த முறை இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. எண்ணெய் விட்டால் அடங்குமா? இல்லை, கட்டிலையே மாற்ற வேண்டியதுதானா?

நட்டுபோல்ட்
திங்கள், காலை 6.15

எண்ணெய் மட்டும் வேண்டாம். நான் விட்டுப் பட்டவன். பூட்டுக்கு அடிக்கிற ஸ்ப்ரேயை மூட்டு மூட்டாக அடித்தேன். நான்கு நாள் அமைதி, அப்புறம் முன்னைவிட மோசம். எண்ணெயை மரம் குடித்துவிட்டது, வெளியே கசிந்ததில் தூசி ஒட்டி மெத்தை உறையெல்லாம் கறை. அதைவிடப் பெரிய தொல்லை, பிறகு அந்த மூட்டில் பசை போடலாம் என்று பார்த்தால் எண்ணெய் ஊறிய மரத்தில் பசை பிடிக்கவே இல்லை. கடைசியில் அந்த இடத்தைச் சுரண்டி எடுத்து வேறு துண்டு வைத்தேன்.

போல்ட் திரும்பத் திரும்பத் தளர்கிறதென்றால் வாஷரைப் பாருங்கள். சின்ன வாஷர் மரத்துக்குள் அழுந்திப் புதைந்துவிடும். நீங்கள் முறுக்குவது மூட்டை இறுக்குவதாக நினைக்கிறீர்கள், உண்மையில் மரத்தை நசுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். அகலமான வாஷர் போட்டு, அதன்மேல் ஸ்ப்ரிங் வாஷர் ஒன்று போட்டால் பெரும்பாலும் நிற்கும்.

பழங்கட்டில்
திங்கள், காலை 9.02

குளிக்கிற சோப்பைத் தேயுங்கள். எங்கள் வீட்டில் எல்லாக் கிறீச்சுக்கும் அதுதான் மருந்து.

இழைப்புளி
திங்கள், மதியம் 2.30

நான் 30 வருடமாக மர வேலை செய்கிறவன். கட்டில் சத்தம் என்று யார் கூப்பிட்டாலும், கருவிப் பெட்டியைத் திறப்பதற்கு முன் மூன்று கேள்வி கேட்பேன்.

ஒன்று, எப்போது தொடங்கியது, அதற்குக் கொஞ்சம் முன்னால் கட்டிலுக்கு என்ன நடந்தது? இரண்டு, எந்த மாதிரிச் சத்தம்? மூன்று, எங்கிருந்து வருகிறது? மூன்றாவதற்கு வருகிற பதிலை நான் நம்புவதே இல்லை, அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சத்தத்தின் வகை முக்கியம். 'கிறீச்' என்று இழுத்தால் மரத்தோடு மரம், அல்லது மரத்தோடு தகடு, அழுத்தத்தோடு உரசுகிறது என்று பொருள். 'டொக்' என்று ஒரே அடியாக வந்தால் இடைவெளி விழுந்த மூட்டு, ஏதோ ஒன்று போய் முட்டி நிற்கிறது. 'டிக் டிக்' என்று கூர்மையாக வந்தால் உலோகம்: தளர்ந்த போல்ட், கொக்கித் தகடு, அல்லது மரத்துக்குள் ஏறி இறங்குகிற ஆணி. 'ஞங்' என்று அதிர்ந்தால் கட்டிலை விட்டுவிட்டு ஸ்ப்ரிங் மெத்தையைச் சந்தேகப்படுங்கள். மெத்தையைத் தரையில் போட்டு அதன்மேல் புரண்டு பாருங்கள், ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

போல்ட்டை முறுக்கியதும் ஒன்பது நாள் நின்றதே, அது நல்ல தடயம். முறுக்கிய ஏதோ ஒன்று தளர்ந்திருக்கிறது, அதைத் தினமும் ராத்திரி எதுவோ ஆட்டித் தளர்த்துகிறது. தளர்ந்ததை இறுக்கியாயிற்று. ஆட்டுவதை இன்னும் பிடிக்கவில்லை.

சந்தேகசிகாமணி
திங்கள், மாலை 5.10

இழைப்புளி அண்ணா, ஒரு சந்தேகம். மரம் மரத்தோடு உரசினால் ஏன் 'கிறீச்' என்று வர வேண்டும்? 'சர்' என்று வழுக்கிக்கொண்டு போகலாமே?

இரவுப்பணி
திங்கள், இரவு 8.44

இது இயற்பியல், நான் சொல்கிறேன். இரண்டு பரப்பு அழுத்தி நிற்கும்போது அவற்றை நகர்த்தத் தொடங்கக் கூடுதல் விசை வேண்டும். நகர ஆரம்பித்த பிறகு குறைவான விசை போதும். அதனால் மூட்டு முதலில் ஒட்டி நிற்கும், மரம் வில்லாக வளைந்து விசையைச் சேர்க்கும், சட்டென்று வழுக்கும், விசை தீர்ந்ததும் மறுபடி ஒட்டும். இது நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை நடந்தால் காதுக்குக் கிறீச். வயலின் வில் கம்பியை ஒட்டி இழுத்து விடுவதும் இதேதான். அங்கே நன்றாக ஒட்ட வேண்டும் என்று வில்லில் ரோசின் என்ற பிசினைத் தேய்க்கிறார்கள். நமக்கு ஒட்டக் கூடாது, அதனால் மெழுகு.

வழி இரண்டே இரண்டு. ஒன்று, அசையவே முடியாதபடி இறுக்குவது. மற்றது, அசைந்தாலும் ஒட்டாமல் வழுக்கும்படி செய்வது. பாதி இறுக்கி விட்டால்தான் சத்தம் அதிகம்.

அரைத்தூக்கம்
திங்கள், இரவு 11.20

எல்லாருக்கும் நன்றி. இழைப்புளி ஐயாவின் கேள்விகளுக்குப் பதில்:

எப்போது என்று சரியாக ஞாபகம் இல்லை, ஒரு மாதத்துக்கு முன் இருக்கும். விசேஷமாக ஒன்றும் நடக்கவில்லை. சத்தம் இழுவையான கிறீச்தான், எப்போதாவது கடைசியில் ஒரு டொக். இடம் தலைமாட்டில் இடது மூலை. இதில் சந்தேகமே இல்லை, அங்கேதான் நான் தலை வைத்துப் படுக்கிறேன், காதுக்குள்ளேயே கத்துகிறது.

அகல வாஷர் போட்டுவிட்டேன். மாற்றம் இல்லை. தரை மட்டத்தையும் சோதித்தேன். நான்கு காலும் நன்றாகப் பதிந்திருக்கின்றன, கட்டில் ஆடவில்லை.

இழைப்புளி
செவ்வாய், காலை 7.05

தலைமாட்டு மூலைதான் என்று அடித்துச் சொல்கிறீர்கள், சரி. ஆனால் காதை நம்பாதீர்கள். காற்றில் சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும், மரத்தில் ரேகை ஓடும் திசையில் அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் போகும். எங்கோ ஒரு மூட்டில் பிறந்த சத்தம் சட்டத்தின் வழியாக ஓடிவந்து, அகலமான தலைமாட்டுப் பலகையை அதிரவைத்து, அங்கிருந்துதான் காற்றில் இறங்கும். வீணையில் கம்பி சிறியது, குடம் பெரியது. உங்கள் கட்டிலில் தலைமாட்டுப் பலகைதான் குடம்.

காதுக்குப் பதில் விரலை நம்புங்கள். ஒருவர் கட்டிலில் உட்கார்ந்து மெதுவாக, ஒரே தாளத்தில் ஆட வேண்டும். மற்றவர் ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு மரமும் சேரும் கோட்டின் மேல் விரல் நுனியை வைத்துப் பார்க்க வேண்டும். குற்றவாளி மூட்டில் இரண்டு பக்கமும் வேறு வேறாக நகர்வது விரலில் தெரியும். அதிர்வு மட்டும் தெரிந்தால் அது வழிப்போக்கன், விட்டுவிடுங்கள்.

அதற்கு முன் கழித்துக் கழித்துப் பாருங்கள். மெத்தையை இறக்கிவிட்டு ஆட்டுங்கள். பிறகு குறுக்குப் பலகைகளை எடுத்துவிட்டுச் சட்டத்தை மட்டும் கையால் ஆட்டுங்கள். எந்தப் படியில் சத்தம் நிற்கிறதோ, அந்தப் படியில் எடுத்த பொருளுக்கும் அது உட்கார்ந்திருந்த இடத்துக்கும் நடுவில்தான் விஷயம்.

பக்கச் சட்டத்தின் மூட்டைக் கழற்றி மாட்டும்போது ஒரு விஷயம். ஒரு போல்ட்டை முழுதாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். எல்லாவற்றையும் பாதி முறுக்கிவிட்டு, மூலைக்கு மூலை குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் சட்டத்தில் கோணல் இல்லை. பிறகு முழுதாக இறுக்குங்கள். கோணலாக இறுக்கிய கட்டிலில் நான்கு மூட்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிக்கொண்டே இருக்கும்.

பழங்கட்டில் சொன்ன சோப்பைப் பற்றி: சோப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஸ்க்ரூ பக்கத்தில் தேய்த்தால் துரு ஏறும். சில மரங்களில் துரு பட்ட இடம் கறுத்தே போகும். அதே வேலையை மெழுகுவர்த்தித் துண்டு சுத்தமாகச் செய்யும்.

பழங்கட்டில்
செவ்வாய், காலை 10.40

இத்தனை வருடமாகத் தேய்த்துவிட்டேனே ஐயா! சரி, இனிமேல் மெழுகு.

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும், எங்கள் கட்டிலைப் பற்றியும் ஒரு கேள்வி. தாத்தா காலத்துக் கட்டில், போல்ட்டே கிடையாது. கால்மரத்தில் துளை போட்டு, சட்டத்தின் முனையை நாக்கு மாதிரிச் செதுக்கி உள்ளே சொருகியிருக்கிறார்கள். வருடத்தில் பாதி நாள் லொடலொட, பாதி நாள் சத்தமே இல்லை. போன வருடம் அண்ணன் இரண்டு மூட்டில் ஆணி அடித்துப் பார்த்தார். கொஞ்ச நாள் சும்மா இருந்தது, இப்போது ஆணியே கிறீச்சிடுகிறது.

இழைப்புளி
செவ்வாய், மதியம் 1.15

அந்த ஆணியை முதலில் பிடுங்குங்கள். அண்ணன் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

நாக்கு மூட்டில் ஆணி அடித்தால் மூட்டு நிற்காது, நாக்குதான் பிளக்கும். ஆணியைச் சுற்றி மரம் அசைய அசையத் துளை பெரிதாகும், பிறகு ஆணி அதற்குள் ஏறி இறங்கிக் கத்தும். நீங்கள் கேட்பது அதைத்தான்.

பாதி வருடம் சத்தம், பாதி வருடம் அமைதி என்றால் அது மரத்தின் சுபாவம். காற்று வறண்டால் மரம் சுருங்கும், ஈரமானால் உப்பும். ரேகையின் நீளத்தில் இந்த மாற்றம் மிக மிகக் குறைவு, பச்சை மரம் முழுதாகக் காய்ந்தாலும் 0.1 அல்லது 0.2 சதவீதம்தான். ரேகைக்குக் குறுக்கே அப்படியில்லை. அடங்கின மரம் என்று பேர் வாங்கிய தேக்கிலேயே, ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் 5 சதவீதத்துக்கு மேல் சுருங்கும். உங்கள் நாக்கின் தடிமனும் அகலமும் குறுக்குத் திசையில் இருப்பவை. அதனால்தான் வறண்ட மாதங்களில் துளைக்குள் அது தளர்கிறது.

செய்ய வேண்டியது: மூட்டைக் கழற்றுங்கள். அடிக்கும்போது சுத்தியல் நேராக மரத்தில் படக் கூடாது, நடுவில் ஒரு கட்டை வையுங்கள். கழன்ற பிறகு நாக்கின் கன்னத்தில் பழைய பசை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முழுக்கச் சுரண்டியாக வேண்டும், வெள்ளைப் பசை காய்ந்த பசையின்மேல் பிடிக்காது, மரத்தில்தான் பிடிக்கும். பிறகு அதே மரத்தில், அல்லது அதற்கு நெருக்கமான மரத்தில், காகிதத்தைவிடக் கொஞ்சம் கனமான சிராய்த் தகடு இழைத்து நாக்கின் இரு கன்னத்திலும் ஒட்டுங்கள். காய்ந்ததும் கையால் அழுத்தினால் கொஞ்சம் முரண்டு பிடித்து உள்ளே போகும் அளவுக்குத் தேயுங்கள். சுத்தியல் வைத்து அடித்துத்தான் போகிறது என்றால் அது அதிகம். வறண்ட மாதத்தில் அப்படி இறுக்கினால் ஈர மாதத்தில் நாக்கு உப்பிக் கால்மரத்தையே பிளந்துவிடும்.

கழற்றி மாட்டும் கட்டிலென்றால் துளைக்குள் பசை வேண்டாம். மெழுகு தடவிச் சொருகி, வெளியே நாக்கு நீட்டிக்கொண்டிருந்தால் ஆப்பு வையுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை ஆப்பைத் தட்டிவிட்டால் போதும். அந்தக் காலத்தில் ஆப்பு வைத்ததே அதற்காகத்தான்.

சந்தேகசிகாமணி
செவ்வாய், மதியம் 1.52

'ஆப்பு வைத்துவிட்டான்' என்பதை இனி நல்ல அர்த்தத்திலும் சொல்லலாம் போலிருக்கிறது.

மாடிவீடு
செவ்வாய், மாலை 6.30

என்னுடையது மரத்தூள் பலகைக் கட்டில், அடியில் சாமான் வைக்கும் பெட்டி உள்ளது. மேலே பிளைவுட். அதுவும் கத்துகிறது. அதற்கும் இதே வைத்தியம்தானா?

நட்டுபோல்ட்
செவ்வாய், மாலை 7.08

பிளைவுட் கட்டில்களில் பத்துக்கு எட்டு, பலகை தன் விளிம்புச் சட்டத்தோடு உரசுவதுதான் காரணம். பலகையைத் தூக்கி, அது உட்காரும் விளிம்பு முழுக்க ஃபெல்ட் பட்டை ஒட்டுங்கள். பழைய கம்பளித் துணியும் போதும். பத்துக்கு எட்டு என்பது என் கைக்கணக்கு, யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

ஆனால் மரத்தூள் பலகையில் ஸ்க்ரூவை ஒருமுறைக்கு மேல் வெறிகொண்டு முறுக்காதீர்கள். உள்ளே ரேகையே இல்லை, தூள்தான். ஒருமுறை மரை அரைந்துவிட்டால் அந்தத் துளை அவ்வளவுதான். வேறு இடத்தில் புதுத் துளை, அல்லது மறுபக்கம் வரை துளைத்து நட்டு-போல்ட்.

அரைத்தூக்கம்
புதன், இரவு 10.55

சோதனை முடிவு. மனைவி ஆட, நான் கட்டிலுக்கு அடியில் டார்ச்சோடு கிடந்தேன். குழந்தை எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

மெத்தையை எடுத்த பிறகும் சத்தம் உண்டு. ஆக மெத்தை நிரபராதி. குறுக்குப் பலகைகளை எடுத்துவிட்டுச் சட்டத்தை ஆட்டினால் சத்தம் இல்லை! மூலை மூட்டுகளில் விரல் வைத்துப் பார்த்தேன், நான்கும் கல் மாதிரி இருக்கின்றன. இடது மூலைதான் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேனே, அங்கே ஒன்றுமே இல்லை.

பலகைகளின் முனைதான் கத்துகிறது என்று முடிவு கட்டி, அவை உட்காரும் ரீப்பர் முழுக்க மெழுகு தேய்த்து, அதன்மேல் ஃபெல்ட் பட்டையும் ஒட்டினேன். பலகைகளைத் திரும்ப அடுக்கினேன். பகலில் உட்கார்ந்து எழுந்து பார்த்தால் முக்கால்வாசிச் சத்தம் போய்விட்டது.

ராத்திரி இரண்டு பேரும் படுத்த பிறகு, யாராவது நடுப்பக்கம் புரண்டால் மட்டும் மறுபடி அதே கிறீச், அதே டொக். இப்போது அது தலைமாட்டின் நடுவிலிருந்து வருவதுபோல் இருக்கிறது. மரை கழன்றது போல்ட்டுக்கா, எனக்கா என்று தெரியவில்லை.

இரவுப்பணி
புதன், இரவு 11.31

ஒருவர் ஓரத்தில் உட்கார்ந்தால் இல்லை, நடுவில் எடை விழுந்தால் உண்டு. அப்படியானால் விட்டம். அது தலைமாட்டில் எப்படி உட்கார்ந்திருக்கிறது?

அரைத்தூக்கம்
புதன், இரவு 11.40

தலைமாட்டுப் பலகையில் ஒரு இரும்புத் தகடு, நான்கு ஸ்க்ரூ. விட்டத்தின் முனை அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. கால்மாட்டிலும் அப்படியே. முதலில் நான் முறுக்கியவற்றில் இந்த ஸ்க்ரூக்களும் உண்டு. இப்போது தொட்டால் இரண்டு ஸ்க்ரூ சும்மா சுற்றுகின்றன.

சந்தேகசிகாமணி
வியாழன், காலை 8.20

எனக்கு மர வேலை தெரியாது, எண்ணத் தெரியும். முதல் பதிவில் ஐந்து கால் சொன்னீர்கள். திங்கள் இரவு 'நான்கு காலும் நன்றாகப் பதிந்திருக்கின்றன' என்றீர்கள். அந்த ஐந்தாவது குட்டைக் கால் எங்கே?

அரைத்தூக்கம்
வியாழன், காலை 9.05

அது அங்கேயேதான் இருக்கிறது. தரையைத் தொடுகிறதா என்று பார்க்கவில்லை. அலுவலகத்தில் இருக்கிறேன், ராத்திரி பார்த்துச் சொல்கிறேன்.

இழைப்புளி
வியாழன், காலை 9.30

பார்க்கும்போது காகிதத்தை வைத்துப் பாருங்கள். கட்டிலில் யாரும் இல்லாதபோது ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு காகிதத்தை நுழைத்து இழுங்கள். பிடித்தால் அந்தக் கால் வேலை செய்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்தக் கால் வெறும் அலங்காரம்.

சந்தேகசிகாமணி, உங்களை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அரைத்தூக்கம்
வியாழன், இரவு 10.12

சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ஐந்தாவது கால் தொங்குகிறது. காகிதம் என்ன, என் சுண்டுவிரலின் நகமே தாராளமாகப் போகிறது. அளந்தேன், 5 மி.மீ.

ஏன் தெரியுமா? தரையில் கீறல் விழக்கூடாது என்று ஆறு வாரத்துக்கு முன் கட்டிலின் கால்களுக்கு அடியில் ரப்பர் வில்லை ஒட்டினேன். பொட்டலத்தில் நான்குதான் இருந்தன. நான்கு மூலைக்கு நான்கு ஒட்டிவிட்டு, நல்ல காரியம் செய்தோம் என்று கையைத் துடைத்துக்கொண்டேன். வில்லையின் கனம் அதே 5 மி.மீ. ஐயா முதலிலேயே 'அதற்குக் கொஞ்சம் முன்னால் என்ன நடந்தது' என்று கேட்டார். விசேஷமாக ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்னேன்.

இழைப்புளி
வெள்ளி, காலை 6.50

வெட்கம் எதற்கு? நானே ஒரு வீட்டில் தரைவிரிப்பின்மேல் கட்டிலைப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். விரிப்பு நடுவில் மட்டும் தேய்ந்திருந்தது. ஒரு வாரத்தில் இதே புகார். நான் நான்கு மூட்டையும் கழற்றி மாட்டிய பிறகுதான் கீழே குனிந்து பார்த்தேன்.

இப்போது எல்லாம் ஒரு கோட்டில் வருகிறது, பாருங்கள். கால் தொங்குவதால் நடுவில் எடை விழும்போதெல்லாம் விட்டம் கீழே வளைகிறது. அது வளையும்போது முனைகள் தகட்டுக்குள் திரும்புகின்றன, அதுதான் கிறீச். கால் போய்த் தரையில் முட்டுகிறது, அதுதான் டொக். விட்டம் இறங்கும்போது குறுக்குப் பலகைகளும் கூடவே வளைந்து, முனைகள் ரீப்பரின்மேல் இழுபடுகின்றன, நீங்கள் மெழுகு தேய்த்து அடக்கியது இந்தச் சத்தத்தை. ராத்திரி முழுக்க இந்த ஆட்டம் நடந்ததில் தகட்டின் ஸ்க்ரூக்கள் அசைந்து அசைந்து துளையை அரைத்துவிட்டன. முதல்முறை முறுக்கியதும் ஒன்பது நாள் பிடித்தது, துளையில் அப்போது கொஞ்சம் மரம் மிச்சமிருந்தது. இரண்டாம் முறை அதுவும் இல்லை.

செய்ய வேண்டியது இரண்டு. ஐந்தாவது காலுக்கும் அதே வில்லை. மற்றதைவிடக் கனமாக வைத்துவிடாதீர்கள், நடுக்கால் உயர்ந்தால் மூலைக்கால் தூக்கும், அப்புறம் கட்டில் சீசா பலகை மாதிரி ஆடும். ஆளில்லாதபோது தொட்டுக்கொண்டு நின்றால் போதும்.

அடுத்தது அந்த ஸ்க்ரூத் துளைகள். தீக்குச்சியைப் பசையில் தோய்த்துத் திணிப்பார்கள், கதவுக் கொண்டிக்கு அது போதும். மனிதர் எடை ஏறும் தகட்டுக்கு எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அரைந்த துளையை 8 மி.மீ. துளையாகப் பெரிதாக்குங்கள். அதே அளவு உருண்டை மரக்கட்டையைப் பசை தடவி அடித்து இறக்கி, மேல்மட்டத்துக்கு அறுத்துவிடுங்கள். 24 மணி நேரம் தொடாதீர்கள். பிறகு ஸ்க்ரூவின் தண்டைவிடச் சற்றுச் சிறிய துளை போட்டு முறுக்குங்கள். துளை போடாமல் நேராக ஏற்றினால் புதுக் கட்டையே பிளக்கும்.

இன்னொன்று. துளை பலகையை முழுதாகத் துளைத்து மறுபக்கம் போய்விடாமல் துளைமுனையில் ஆழத்துக்கு ஒரு டேப் சுற்றிக்கொள்ளுங்கள். தலைமாட்டுப் பலகையின் முன்பக்கம் ஓட்டை விழுந்தால் வீட்டில் கிறீச்சைவிடப் பெரிய சத்தம் கேட்கும்.

நட்டுபோல்ட்
வெள்ளி, காலை 8.15

விட்டத்தின் முனை உட்காரும் தகட்டுக்குள் ஒரு துண்டு தோலோ, பழைய சைக்கிள் ட்யூபோ வைத்துவிடுங்கள். இரும்பும் மரமும் நேரடியாகத் தொடக் கூடாது.

இரவுப்பணி
வெள்ளி, காலை 8.40

ட்யூப் வேண்டாம் என்பேன். ரப்பர் பிடிக்கும், அது வழுக்காது. வேறு மாதிரிச் சத்தம் போடும். ஃபெல்ட் அல்லது தோல்.

நட்டுபோல்ட்
வெள்ளி, காலை 8.52

எங்கள் கட்டிலில் ட்யூப்தான் 4 வருடமாக இருக்கிறது, சத்தமில்லை. ஆனாலும் தோல் இருந்தால் தோலே வையுங்கள், இதற்காகச் சண்டை வேண்டாம்.

அரைத்தூக்கம்
ஞாயிறு, இரவு 9.30

வெள்ளி மாலை ஐந்தாவது வில்லையை ஒட்டினேன். ஒட்டிய பிறகும் காகிதம் வழுக்கியது, விட்டம் ஒரு மாதத் தொங்கலில் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கும் என்றுதான் நினைத்தேன். பிறகு புரிந்தது, அப்படித் தொய்ந்திருந்தால் இடைவெளி குறைந்திருக்க வேண்டும். உண்மையில் அந்த இடத்தில் தரை ஓடு ஒரு மயிரிழை பள்ளம். ஒரு அட்டைத் துண்டு சேர்த்ததும் பிடித்தது.

தகட்டில் அரைந்த துளைகள் இரண்டென்று நினைத்தேன், கழற்றிப் பார்த்தால் மூன்று. மூன்றிலும் கட்டை இறக்கி, நேற்று மாலை வரை மெத்தையைத் தரையில் போட்டுப் படுத்தோம். முனைக்கு அடியில் பழைய பெல்ட்டிலிருந்து வெட்டிய தோல். கால்மாட்டுத் தகட்டில் எல்லா ஸ்க்ரூவும் பிடித்தன, அதைத் தொடவில்லை.

நேற்று ராத்திரி வேண்டுமென்றே நான்கு முறை நடுவில் புரண்டேன். ஒன்றுமில்லை. ஒன்பது நாள் தாண்டட்டும், அதுவரை கொண்டாடப் போவதில்லை.

பழங்கட்டில்
திங்கள், காலை 10.05

வாழ்த்துகள். நான் ஆணிகளைப் பிடுங்கிவிட்டேன். ஒன்று உள்ளேயே முறிந்து நிற்கிறது. அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.

இழைப்புளி
திங்கள், மதியம் 12.40

முறிந்ததை நோண்டாதீர்கள், நாக்கு சிதைந்துவிடும். மூட்டு கழல்கிறதா பாருங்கள். கழன்றால் மறுபக்கத்திலிருந்து மெல்லிய கம்பியால் தட்டி வெளியே தள்ளலாம். கழலவில்லை என்றால் எந்த இடத்தில் மாட்டியிருக்கிறது என்று ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

அரைத்தூக்கம்
அடுத்த வாரம், செவ்வாய், இரவு 11.10

பத்தாம் நாள் ராத்திரி. சத்தம் இல்லை. காகிதத்தை இப்போதும் ஐந்து காலுக்கும் போட்டுப் பார்த்தேன், ஐந்தும் பிடிக்கின்றன.

குறுக்குப் பலகைகளைத் திரும்ப அடுக்கும்போது ஒன்றில் நடுவே நீளமாக விரிசல் இருப்பதைப் பார்த்தேன். கத்தவில்லை. மாற்ற வேண்டுமா, அப்படியே விடலாமா?

நட்டுபோல்ட்
அடுத்த வாரம், புதன், காலை 6.20

விரிசல் ரேகையோடு ஓடி ஒரு முனையில் நின்றால் பசை விட்டு இறுக்கிக் கட்டலாம். முடிச்சைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனால் மாற்றுங்கள். அதுவரை அந்தப் பலகையைக் கால்மாட்டு ஓரத்துக்குக் கொண்டுபோங்கள், அங்கே எடை குறைவு.